தறி எண்ணும் பெட்டி: பிக்கோ போர்டில் முதல் விளக்கு முதல் இரண்டாவது கோர் வரை

சோமனூர்ப் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் எட்டு விசைத்தறி ஓடும் குடோன் ஒன்று இருக்கிறது. கூலி நெசவுதான். பாவும் ஊடை நூலும் வந்து இறங்கும். துணியாக்கி, மீட்டர் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்தத் தறி இன்றைக்கு எவ்வளவு ஓடியிருக்கிறது என்று நடுவில் யாராவது கேட்டால், சுருட்டிய துணியைக் கண்ணால் பார்த்து அப்பா ஒரு குத்துமதிப்பு சொல்வார். அதை எண்ணிச் சொல்ல ஒரு சின்னப் பெட்டி செய்யப் போய்த்தான் நான் மைக்ரோகண்ட்ரோலர், அதாவது ஒரே சிப்புக்குள் அடங்கும் குட்டிக் கம்ப்யூட்டர், கற்றுக்கொண்டேன். படித்தது பி.காம். ஆகவே இது எஞ்சினியர்களுக்கு எழுதியது அல்ல. கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்து மூடத் தெரிந்தவர்களுக்குப் போதும்.

நான் எடுத்துக்கொண்டது ராஸ்பெர்ரி பை பிக்கோ. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்த போர்டு. 51 மில்லிமீட்டர் நீளம், 21 மில்லிமீட்டர் அகலம். இரண்டு விரல் அளவுதான். அதன் நடுவில் இருக்கும் சிப்பின் பெயர் ஆர்பி2040. உள்ளே ஏஆர்எம் கார்டெக்ஸ் எம்0 பிளஸ் வகைக் கோர் இரண்டு, 133 மெகாஹெர்ட்ஸ் வேகம், 264 கிலோபைட் ராம். நிரல் தங்குவதற்கு போர்டில் தனியாக 2 மெகாபைட் ஃபிளாஷ். அந்தப் பெயரிலேயே ஒரு கணக்கு இருக்கிறது: 2 என்றால் இரண்டு கோர், அடுத்த 0 என்றால் எம்0 வகை, 4 என்பது ராம் அளவைக் குறிக்கும் எண், கடைசி 0 என்றால் சிப்புக்குள் ஃபிளாஷ் கிடையாது. 2024 ஆகஸ்டில் வந்த பிக்கோ 2-ல் இருப்பது ஆர்பி2350. எம்33 வகைக் கோர் என்பதால் 3, ராம் 520 கிலோபைட்டாகக் கூடியதால் 5.

கோர் என்பது வேலை செய்யும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தறிக்குடோனில் ஒருவர் தறி பார்ப்பார், இன்னொருவர் தார், அதாவது ஊடை நூல் குச்சி, சுற்றுவார். தறிக்காரரே எழுந்து போய்த் தாரும் சுற்றினால் அதற்குள் நூல் அறுந்து தறி நின்றிருக்கும். இரண்டு கோர் தேவைப்படும் இடமும் அதுதான். ஆனால் புதிதாக வருபவர்கள் முதல் நாளே இரண்டாவது கோரைத் தொட வேண்டாம். ஒரு ஆள் செய்கிற வேலைக்கு இரண்டு ஆள் வைத்தால் கூலிதான் வீண். ஒரு கோரிலேயே தொடங்குங்கள். எது காத்திருக்க முடியாத வேலை என்று தெரிந்த பிறகு மற்றதைக் கூப்பிடலாம்.

வாங்கும்போது

கோவையில் காந்திபுரத்தைச் சுற்றியுள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும், இணையத்திலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பிக்கோ என்று கேட்டாலே மூன்று நான்கு வகை எடுத்துக் காட்டுவார்கள். டபிள்யூ என்ற எழுத்து இருந்தால் வைஃபை உண்டு. எச் என்ற எழுத்து இருந்தால் கால்கள் ஏற்கெனவே சால்டர் செய்யப்பட்டிருக்கும். வைஃபை இப்போது வேண்டாம். கால் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் ஒரு வேலை மிச்சம். கால் இல்லாததுதான் கிடைத்தது என்றாலும் கவலையில்லை. மோட்டார் காயில் கட்டும் பட்டறை இல்லாத ஊர் நம் பக்கம் எங்கே இருக்கிறது? அங்கே சால்டரிங் கை பழகியவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். நாற்பது கால், கால் மணி நேர வேலை. பம்புசெட் ஒயருக்கு வைக்கும் பெரிய சால்டரிங் அயர்னை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 25 வாட் போதும்.

ஈஎஸ்பி32 பற்றியும் கடைக்காரர் சொல்வார். நல்ல சிப்தான், முதலில் வந்த ஈஎஸ்பி32-ல் இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ், வைஃபையும் உண்டு. ஆனால் அந்தக் குடும்பத்தில் எஸ்2, சி3 என்று முடியும் சிப்களில் ஒரே கோர்தான். இரண்டு கோர் என்று நம்பி வாங்கிவிட்டு முழிக்க வேண்டாம்.

கூடவே வாங்க வேண்டியவை: சால்டர் இல்லாமல் ஒயரைக் குத்தி இணைக்கும் பிரெட்போர்டு ஒன்று, இணைப்பு ஒயர்கள், சிவப்பு எல்இடி இரண்டு, 330 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 0.96 இன்ச் ஓஎல்இடி திரை ஒன்று, காந்தம் பக்கத்தில் வந்தால் உணரும், ஏ3144 என்று அச்சிட்ட ஹால் சென்சார் இரண்டு, நியோடிமியம் காந்தம் சின்னதாக இரண்டு. சென்சாரும் காந்தமும் ஏன் இரண்டு என்றால், ஒன்று கீழே விழுந்து தொலையும் அல்லது தப்பான ஒயரில் மாட்டி எரியும். என்னிடம் இரண்டும் நடந்தன.

அப்புறம் மைக்ரோ யுஎஸ்பி கேபிள். இங்கே நான் இழந்தது முழுதாக ஒரு மாலை. பழைய போன் சார்ஜரோடு வந்த கேபிளைச் செருகினேன். கம்ப்யூட்டர் எதையும் காட்டவில்லை. போர்டே பழுது என்று முடிவுகட்டி, மறுநாள் கடைக்கே எடுத்துப் போய் நின்றேன். கடைக்காரர் தன் கேபிளைச் செருகியதும் வேலை செய்தது. சில கேபிள்களில் மின்சாரம் போகும் இரண்டு ஒயர் மட்டும்தான் இருக்கும். தரவு போகும் ஒயர் இருக்காது. வாங்கும்போதே போனில் மாட்டி, போட்டோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

முதல் விளக்கு

கம்ப்யூட்டரில் தான்னி என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். எஸ்டோனியாவின் டார்டு பல்கலைக்கழகத்தில், பைத்தான் என்ற நிரல் மொழியைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக உருவானது. சி மொழியிலும் ஆர்டுயினோ வழியிலும் இந்தப் போர்டை ஓட்டலாம். ஆனால் முதலில், பைத்தானை இதுபோன்ற சின்னச் சிப்களுக்கு ஏற்பச் சுருக்கிய மைக்ரோபைத்தான்தான் சரி என்பது என் எண்ணம். எழுதின வரியை உடனே ஓட்டிப் பார்க்கலாம். தப்பு எந்த வரியில் என்றும் சொல்லிவிடும்.

போர்டில் வெள்ளையாக ஒரே ஒரு பொத்தான் இருக்கும், பூட்செல் என்று பெயர். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகி, பிறகு விரலை எடுங்கள். பென்டிரைவ் செருகியது போல ஒரு புதிய டிரைவ் தோன்றும். இப்போது தான்னியின் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதற்குள் இன்டர்ப்ரெட்டர் பக்கம் போனால், மைக்ரோபைத்தானை நிறுவு என்று ஒரு சுட்டி கீழே இருக்கும். உங்கள் போர்டு பிக்கோவா, பிக்கோ டபிள்யூவா, பிக்கோ 2-ஆ என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுக்கு உரியதை மற்றதில் ஏற்றிவிட்டாலும் போர்டு கெட்டுவிடாது. பூட்செல்லைப் பிடித்துக்கொண்டு மறுபடி செருகி, சரியானதை ஏற்றிக்கொள்ளலாம். அந்தப் பொத்தான் இருக்கும்வரை மென்பொருளால் இந்தப் போர்டைக் கொல்ல முடியாது. ஆகவே பயப்படாமல் நோண்டுங்கள்.

நிறுவி முடித்ததும் கீழ்ப் பெட்டியில் மூன்று கூர்க்குறிகள் வந்து நிற்கும். அங்கே முதல் வரியாக, மெஷின் என்ற தொகுப்பிலிருந்து பின் என்பதை இம்போர்ட் செய்யுங்கள். இரண்டாவது வரியில் விளக்குக்கு ஒரு பெயர் வைத்து, மேற்கோள் குறிக்குள் எல்இடி என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் கொடுத்து, அது அவுட்புட் என்று சொல்லுங்கள். மூன்றாவது வரி, அந்தப் பெயரோடு புள்ளி வைத்து டாகிள். என்டர் தட்டியதும் போர்டிலுள்ள குட்டி விளக்கு எரியும். மறுபடி டாகிள் என்றால் அணையும். பழைய பாடங்களில் எல்இடி என்பதற்குப் பதில் 25 என்ற எண் இருக்கும். சாதாரணப் பிக்கோவில் அது ஓடும். டபிள்யூ வகையில் விளக்கு வைஃபை சிப்பின் பொறுப்பில் இருப்பதால் ஓடாது. பெயரைக் கொடுத்தால் இரண்டிலும் ஓடும்.

அடுத்து வெளியே ஒரு எல்இடி. இங்கே எல்லோரும் ஒரு தடவை சறுக்குவார்கள். போர்டின் கால்களுக்கு இரண்டு வகை எண் உண்டு. யுஎஸ்பி துளை மேலே இருக்கும்படி பிடித்தால், இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3 என்று இறங்கி 20. வலப்பக்கம் கீழிருந்து 21-ல் ஏறி 40. இது காலின் இட எண். நிரலில் எழுதுவது இதை அல்ல, ஜிபி என்று தொடங்கும் எண்ணை. ஜிபி15 என்பது 20-ஆம் கால். ஜிபி16 என்பது 21-ஆம் கால். பெயர்கள் போர்டின் அடிப்பக்கம் அச்சாகியிருப்பதால் பிரெட்போர்டில் குத்திய பிறகு தெரியாது. ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

20-ஆம் காலிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து எல்இடியின் நீண்ட கால், குட்டைக் காலிலிருந்து 18-ஆம் காலான கிரவுண்ட். நிரலில் 15 என்று கொடுத்து, வைல் ட்ரூ என்ற முடிவில்லாச் சுற்றுக்குள் டாகிள் ஒன்றும், டைம் தொகுப்பின் ஸ்லீப் அரை செகண்டும் எழுதினால் விளக்கு கண்சிமிட்டும். ரெசிஸ்டர் எதற்கு? கால் கொடுப்பது 3.3 வோல்ட். சிவப்பு எல்இடி அதில் சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 1.3 வோல்ட் 330 ஓமில் விழுவதால் ஓடுவது 4 மில்லிஆம்பியர். காலுக்கும் நல்லது, விளக்குக்கும் நல்லது.

இந்த 3.3 என்ற எண்ணை மட்டும் மறக்கவே கூடாது. ஆர்பி2040-ன் கால்கள் 5 வோல்ட் தாங்காது. 24 வோல்ட்டில் ஓடும் மில் சென்சாரை நேராக மாட்டினால் அத்தோடு முடிந்தது.

தறியில் எதை எண்ணுவது

ஊடை நூல் ஒருமுறை குறுக்கே போனால் ஒரு பிக். ஊடை நூலைச் சுமந்து நாடா ஓடும் தறியில், கிராங்க் ஷாப்ட் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு பிக் விழும். அடியில் இருக்கும் பாட்டம் ஷாப்ட் அதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். அதன் ஒரு சுற்றுக்கு இரண்டு பிக். ஆகவே காந்தத்தை கிராங்க் ஷாப்ட்டில் வைத்தால் ஒன்று போதும். கீழே வைத்தால் எதிரெதிராக இரண்டு காந்தம், அல்லது நிரலில் இரண்டால் பெருக்கல். நான் முதலில் கை எட்டிய பாட்டம் ஷாப்ட்டில் ஒன்றே ஒன்றை ஒட்டிவிட்டேன். "ஏங்கண்ணு, நம்ம தறி பாதித் துணிதான் நெய்யுதா?" என்று அப்பா கேட்டபோதுதான் உறைத்தது.

நிமிடத்துக்கு 120 பிக் ஓடும் தறி, இன்ச்சுக்கு 52 பிக் துணி என்று வையுங்கள். ஒரு மீட்டர் 39.37 இன்ச். பெருக்கினால் மீட்டருக்கு 2047 பிக். ஆக ஒரு மீட்டருக்கு 17 நிமிடம். எண்ணிய பிக்கை 2047-ஆல் வகுத்தால் மீட்டர். பிக் மாறும்போது இந்த ஒரு எண்ணை மாற்றினால் போதும். துணி தறியை விட்டு இறங்கியதும் கொஞ்சம் சுருங்கும் என்பதால், அளந்து பார்த்து இந்த எண்ணைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஏ3144 சென்சாருக்கு மூன்று கால். எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக சப்ளை, கிரவுண்ட், அவுட்புட். இதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும் என்பதால் சப்ளையைப் போர்டின் 40-ஆம் காலில் வரும் 5 வோல்ட்டிலிருந்து எடுங்கள். அப்படியானால் அவுட்புட்டில் 5 வோல்ட் வந்து போர்டைக் கெடுத்துவிடாதா? கெடுக்காது. இந்தச் சென்சாரின் அவுட்புட் தானாக மின்னழுத்தம் எதையும் தராது. காந்தம் வந்தால் ஒயரை கிரவுண்டோடு சேர்க்கும், போனால் விட்டுவிடும், அவ்வளவுதான். மேலே தூக்கிப் பிடிக்கும் வேலையை ஜிபி16-க்குள்ளேயே இருக்கும் புல்அப் 3.3 வோல்ட்டில் செய்துகொள்ளும். நிரலில் 16 என்று கொடுக்கும்போது இன்புட் என்பதோடு புல்அப் என்றும் சேர்த்தால் சரி. கவனிக்க வேண்டியது, இதே சென்சாரைச் சின்னப் பலகையில் வைத்து மாட்யூல் என்று விற்பார்கள். அந்தப் பலகையில் அவுட்புட்டை சப்ளையோடு இணைக்கும் ரெசிஸ்டர் இருக்கும். 5 வோல்ட் கொடுத்தால் 5 வோல்ட் திரும்பி வரும். வெறும் மூன்று கால் சென்சார்தான் நமக்குச் சரி, விலையும் குறைவு.

மேஜையில் காந்தத்தைக் கையால் காட்டிச் சோதியுங்கள். தென் துருவம் எழுத்துள்ள முகத்தைப் பார்த்தால்தான் இது வேலை செய்யும். அசையவில்லை என்றால் காந்தத்தைத் திருப்புங்கள். தறியில் ஒட்டும்போது மெயினை அணைத்து, பெல்ட்டைக் கையால் தள்ளிப் பார்த்து, 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வையுங்கள். கிரீஸைத் துடைக்காமல் ஒட்டிய காந்தம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளும், மூன்று பேஸ் ஒயர் பக்கமும் நமக்கு வேலையே கிடையாது. அதற்கு எலக்ட்ரீஷியன் இருக்கிறார்.

ஒரு கோர் திணறிய கதை

திரைக்கு நான்கு ஒயர். சப்ளையை 36-ஆம் காலின் 3.3 வோல்ட்டில் கொடுங்கள், கிரவுண்டை கிரவுண்டில். திரையில் எஸ்டிஏ என்று அச்சிட்ட கால் ஜிபி0-க்கு, எஸ்சிஎல் என்று அச்சிட்டது ஜிபி1-க்கு. திரையை ஓட்டும் எஸ்எஸ்டி1306 என்ற தொகுப்பை தான்னியின் பேக்கேஜ் மேனேஜரில் தேடி நிறுவிக்கொள்ளலாம்.

என் முதல் நிரல் எளிமையானது. சென்சாரைப் பார், விழுந்திருந்தால் ஒன்று கூட்டு, எண்ணைத் திரையில் எழுது, திரும்பவும் பார். மேஜையில் காந்தத்தை ஆட்டியபோது அருமையாக எண்ணியது. தறியில் வைத்து, பக்கத்தில் நின்று நூறு சுற்றுக் கையால் எண்ணினேன். திரையில் அறுபது சொச்சம்.

காரணத்தைத் தாளில் கணக்குப் போட்ட பிறகுதான் கண்டுபிடித்தேன். திரை 128-க்கு 64 புள்ளி, அதாவது 1024 பைட். ஐ2சி எனப்படும் அந்த இரண்டு தரவு ஒயரில் 400 கிலோஹெர்ட்ஸில் ஒரு பைட்டுக்கு 9 துடிப்பு வீதம் அனுப்ப சுமார் 23 மில்லிசெகண்ட். எழுதி முடிக்கும்வரை நிரல் வேறு எதையும் பார்க்காது. காந்தம்? ஷாப்ட்டின் நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டியிருக்கிறேன். செகண்டுக்கு இரண்டு சுற்று என்றால் செகண்டுக்கு 63 சென்டிமீட்டர் வேகம். சென்சார் உணரும் தூரம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால், காந்தம் அங்கே இருப்பது 16 மில்லிசெகண்ட்தான். திரையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்து போயேவிடும்.

சரி, அரை செகண்டுக்கு ஒருமுறை மட்டும் திரையை எழுதச் சொன்னேன். பெரும்பாலும் சரியானது, ஆனால் திடீரென்று இருபது முப்பது பிக்கைச் சேர்ந்தாற்போல் விழுங்கியது. தறியும் அரை செகண்டுக்கு ஒரு சுற்று, திரையும் அரை செகண்டுக்கு ஓர் எழுத்து. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிட்டால், விலகும்வரை விட்டுக்கொண்டேதான் போகும். இதற்கு இன்டரப்ட் என்ற வழியும் உண்டு. கால் அசைந்ததும் ஓடுகிற நிரலை நிறுத்தி நம் வரியைச் செய்ய வைப்பது. ஒரே தறிக்கு அதுவே போதும் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள், உண்மைதான். எனக்கு இரண்டாவது கோர் எளிதாகப் பிடிபட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள்தானே!

இரண்டாவது ஆளைக் கூப்பிடுதல்

மைக்ரோபைத்தானில் இதற்கான தொகுப்பின் பெயர் த்ரெட். முன்னால் ஓர் அடிக்கோடு சேர்த்து எழுத வேண்டும். எண்ணும் வேலையை மட்டும் ஒரு ஃபங்ஷனாக எழுதுங்கள். அதற்குள் முடிவில்லாச் சுற்று: சென்சார் காலைப் படி; முன்பு 1 ஆக இருந்து இப்போது 0 ஆகியிருந்தால், கடைசியாக எண்ணி 150 மில்லிசெகண்ட் கடந்திருந்தால், ஒன்று கூட்டு; 1 மில்லிசெகண்ட் தூங்கு. எண்ணிக்கை இருக்கும் பெயரை குளோபல் என்று ஃபங்ஷனின் தலையில் சொல்ல மறக்காதீர்கள். அந்த 150 எதற்கென்றால், ஒரு சுற்றுக்கு 500 மில்லிசெகண்ட் ஆகும் தறியில் 150-க்குள் இரண்டாவது துடிப்பு வர வழியே இல்லை. வந்தால் அது மோட்டார் ஸ்டார்ட்டர் ஒயரில் கிளப்பிய மின் இரைச்சல்.

பிறகு ஸ்டார்ட் நியூ த்ரெட் என்ற வரியில் அந்த ஃபங்ஷனின் பெயரையும், ஒரு வெற்று அடைப்பையும் கொடுத்தால் அது இரண்டாவது கோரில் ஓடத் தொடங்கும். அதற்குக் கீழே எழுதுவதெல்லாம் முதல் கோரின் வேலை: அரை செகண்டுக்கு ஒருமுறை எண்ணிக்கையைப் பார்த்து, மீட்டராக்கித் திரையில் காட்டுவது. இருப்பது இரண்டு ஆள்தான். மூன்றாவதாக ஒரு த்ரெட் கேட்டால் கோர் வேலையில் இருக்கிறது என்று பிழை வரும். மறுபடி நூறு சுற்று எண்ணினேன், நூறு வந்தது. இருநூறு எண்ணினேன், இருநூறு.

ஆனால் சிக்கல் ஷிப்ட் மாறும்போது வந்தது. இரவு ஆள் வந்ததும் பொத்தானை அழுத்தி எண்ணிக்கையை 0 ஆக்குவது ஏற்பாடு. எப்போதோ ஒரு தடவை அழுத்தியும் 0 ஆகாது. பழைய எண்ணே நிற்கும். ஒன்று கூட்டு என்பது நமக்கு ஒரு வேலை, கோருக்கு மூன்று: எண்ணை எடு, கூட்டு, திரும்ப வை. இரண்டாவது கோர் 8451-ஐக் கையில் எடுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும் அந்த நொடித் துணுக்கில் முதல் கோர் 0 என்று எழுதினால், அடுத்த கணமே மற்றது 8452 என்று அதன்மேல் எழுதிவிடும். ஒரே கணக்கு நோட்டில் இரண்டு பேர் எழுதினால் என்ன ஆகும் என்று எந்த மளிகைக்கடைக்காரரும் சொல்வார்.

இதற்கு லாக் என்று ஒரு பூட்டு அதே தொகுப்பில் இருக்கிறது. ஒருவர் நோட்டை எடுக்கும்போது பூட்டிவிட்டு, எழுதி முடித்ததும் திறப்பது. தேவைப்படும் இடத்தில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். நான் அதையும் தவிர்த்துவிட்டேன். எண்ணிக்கையை இரண்டாவது கோர் மட்டும் எழுதும்; முதல் கோர் படிக்க மட்டும் செய்யும். பொத்தானை அழுத்தினால் 0 ஆக்குவதில்லை. அந்த நேரத்து எண்ணை ஷிப்ட் தொடக்கம் என்று வேறொரு பெயரில் குறித்துவைத்து, காட்டும்போது கழித்துக் காட்டுகிறது. வீட்டு மின்மீட்டரை யாராவது மாதா மாதம் 0 ஆக்குகிறார்களா என்ன?

இரண்டாவது கோரின் சுற்றுக்குள் பிரின்ட், எழுத்துச் சேர்ப்பு, திரை வேலை எதையும் வைக்காதீர்கள். அப்புறம் தான்னியில் சிவப்பு ஸ்டாப் பொத்தானை அழுத்தினால் முதல் கோர் நின்று, இரண்டாவது ஓடிக்கொண்டே இருக்கலாம். அடுத்த தடவை நிரலை ஓட்டினால் பிழை வந்து குழப்பும். நிரலைத் தேடிக்கொண்டிருக்காமல் கேபிளை உருவிச் செருகுங்கள்.

குடோனில் வைத்த பிறகு

நிரலைப் போர்டில் மெயின் என்ற பெயரில், பை என்ற பின்னொட்டோடு சேமித்தால் கரண்ட் வந்ததும் தானாக ஓடும். கம்ப்யூட்டர் வேண்டாம், 5 வோல்ட் போன் சார்ஜர் போதும். கரண்ட் போனாலும் ஓடட்டும் என்று பவர்பேங்க் வைத்தேன், ஒரு நிமிடத்தில் அது அணைந்துபோனது. போர்டு எடுப்பது சில பத்து மில்லிஆம்பியர்தான். போன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டது என்று பல பவர்பேங்குகள் தாமாகவே அணைத்துக்கொள்ளும்.

கரண்ட் போனால் ராமில் இருக்கும் எண் போய்விடும். ஆகவே எண்ணிக்கையைக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு பிக்குக்கும் எழுத வேண்டாம். ஃபிளாஷுக்கு எழுதி அழிக்கும் தடவைக்கு வரம்பு உண்டு. இன்னொன்று, நிரல் இருப்பதும் அதே ஃபிளாஷில்தான். எழுதும் நேரத்தில் இரண்டு கோரும் நின்று காத்திருக்கும், எண்ணுகிற கோரும் சேர்த்துத்தான். தறி நின்றிருக்கும்போது எழுதச் சொன்னேன்: 5 செகண்டாகப் பிக் எதுவும் வரவில்லை என்றால், கடைசியாக எழுதியதற்கு எண் மாறியிருந்தால், எழுது. தார் மாற்றவும் நூல் முடியவும் தறி எப்படியும் அடிக்கடி நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால், கடைசித் தார் நெய்த அளவு மட்டும் கணக்கில் குறையும்.

எல்லாம் சரியாகி நிம்மதியாக இருந்தபோது பதின்மூன்றாம் நாள் எண்ணுவது நின்றுவிட்டது. சென்சாரை மாற்றினேன், காந்தத்தை மாற்றினேன், நிரலில் ஒரு வரிதான் காரணம். நேரம் பார்க்கும் டிக்ஸ் எம்எஸ் என்ற எண் ஏறிக்கொண்டே போகாது. இரண்டின் 30-ஆம் அடுக்கை எட்டியதும் மறுபடி 0-லிருந்து தொடங்கும். மில்லிசெகண்டில் அது 12 நாள் 10 மணி நேரம். நான் இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தை நேராகக் கழித்திருந்தேன். 0 ஆனதும் கழித்தல் விடை மைனஸில் போய், 150-ஐத் தாண்டவே இல்லை. கழிப்பதற்கென்றே டிக்ஸ் டிஃப் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அது இந்தத் திரும்பலைக் கணக்கில் கொள்ளும். முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். மேஜையில் சோதித்தால் இந்தத் தப்பு கண்ணில் படாது.

பெட்டிக்கு எவர்சில்வர் வேண்டாம், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். தறிக்குடோனில் பஞ்சு எதற்குள்ளும் நுழையும், ஒயர் வரும் துளையை எம்சீலால் அடைத்துவிடுங்கள். சென்சாரின் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, சென்சாரை ஒட்டியே, 104 என்று அச்சிட்ட சின்னக் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். மூன்று ஒயரையும் ஒன்றாக முறுக்கி, மோட்டார் ஒயரிலிருந்து ஒரு முழமாவது தள்ளிக் கொண்டுவாருங்கள். ஒரே போர்டில் பக்கத்துத் தறிகளையும் எண்ணலாம். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு கால், ஒவ்வொரு தறிக்கும் தனி எண்ணிக்கை, தனி நேரம். இரண்டாவது கோரின் சுற்றில் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். நான் நான்கு தறியோடு நிறுத்திக்கொண்டேன். ஐந்தாவது தறி வாசல் பக்கம் இருக்கிறது. அத்தனை தூரம் ஒயர் இழுத்தால் ஸ்டார்ட்டர் போடும்போதெல்லாம் பொய் எண் விழுகிறது. மீதி நான்கு தறிக்கு இன்னொரு பிக்கோ வாங்கிவிட்டேன்.